உப்பு மஞ்சளாக எரியும்போது எதைப் பார்ப்பது?

தொட்டதற்கெல்லாம் குவாண்டம் என்று பெயர் வைத்து வைத்தியம் விற்கிறார்கள். வாங்கவும் கூட்டம் இருக்கிறது. குவாண்டம் எண்கள் என்று ஆரம்பித்தால் மட்டும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். பிளஸ் ஒன்னில் உருப்போட்ட அட்டவணை அப்படிப் பயமுறுத்தியிருக்கிறது.

அட்டவணையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். முதன்மை எண் எலக்ட்ரான் எந்தக் கூட்டில் என்று சொல்லும். கோண உந்த எண் ஆர்பிட்டாலின் வடிவம் (எஸ், பி, டி என்பவை அந்த வடிவங்களின் பெயர்கள்), காந்த எண் அதன் திசை, நான்காவது தற்சுழற்சி. ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கும் ஒன்றாக இராது என்றார் இயற்பியலாளர் பவுலி, 1925-ல். அவ்வளவுதான்.

இனிதான் விஷயம். கூடு விட்டுக் கூடு தாவினால்தான் ஒளி வரும் என்று காணொளிக்குக் காணொளி சொல்கிறார்கள். அரைகுறை! அடுப்புச் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவுங்கள். அந்த மஞ்சளைத் தரும் சோடியம் எலக்ட்ரான் கூடு மாறவே இல்லை. மூன்றாம் கூட்டின் பி-யிலிருந்து அதே கூட்டின் எஸ்-க்கு இறங்குகிறது.

ஹைட்ரஜனில் இது நடக்காது. அங்கே இருப்பது ஒரே எலக்ட்ரான்; மூன்றாம் கூட்டில் எஸ், பி, டி எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டம். சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள். உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்கள் அதை மறைப்பதால், வெளியே நிற்கும் எலக்ட்ரானுக்குக் கிட்டத்தட்ட ஒரே ஒரு புரோட்டானின் இழுப்புதான் எட்டுகிறது. ஆனால் எஸ்-க்கு மறைப்பைத் தாண்டி அணுக்கரு வரை நுழையும் பழக்கம் உண்டு. பி-க்கு அந்தத் துணிச்சல் குறைவு. அதனால் எஸ் சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் கீழே போய்விடுகிறது. நீங்கள் பார்க்கும் மஞ்சள் அந்த இடைவெளிதான். முதன்மை எண்ணையும் கோண உந்த எண்ணையும் கூட்டிப் பார்க்கும் விதியை மனப்பாடம் செய்து ஆர்பிட்டால்களை வரிசையாக நிரப்பி முழு மதிப்பெண் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அந்த மஞ்சளும் ஒன்றல்ல. நல்ல நிறமாலைமானி கிடைத்தால் பாருங்கள்: 589.0, 589.6 நானோமீட்டரில் இரண்டு கோடுகள். எலக்ட்ரானின் தற்சுழற்சி அதன் சுற்றியக்கத்தோடு உறவாடி, பி மட்டத்தை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. மிச்சம் காந்த எண்தானே? 1896-ல் லைடனில் இயற்பியலாளர் சேமன் இதே சோடியச் சுடரை மின்காந்தத்தின் முனைகளுக்கிடையே வைத்தார். காந்தப்புலத்தில் காந்த எண்ணுக்கேற்ப மட்டங்கள் சற்றே விலகுவதால் கோடுகள் அகன்றன. ஏன் அப்படி அகன்றன என்பதை முழுதாகச் சொல்ல, தற்சுழற்சி கண்டுபிடிக்கப்படும் வரை இயற்பியலாளர்கள் திணறினார்கள்.