இழப்பீட்டுக்குக் காசு கட்டியவள்

வேலையில் விபத்து நடந்தால் கிடைக்கும் இழப்பீட்டுக்கான காப்பீட்டுப் பணம் முதலாளியின் பையிலிருந்து போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரைஸ் ஃபிஷ்பேக்கும் ஷான் கேன்டரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. அமெரிக்க மாநிலங்கள் 1910களில் இழப்பீட்டுச் சட்டங்களைக் கொண்டுவந்தபோது, நிலக்கரிச் சுரங்கத்திலும் மர அறுவையிலும் சங்கமில்லாத தொழிலாளருக்கு, சட்டம் வராதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைந்த கூலியே கிடைத்தது. பிரீமியம் கட்டியது முதலாளி. கூலியில் அதை ஈடுகட்டிக்கொண்டதும் அவரே. தொழிற்சங்கம் இருந்த இடத்தில் இது அவ்வளவு எளிதாக நடக்கவில்லை.

ஆனாலும் தொழிலாளிக்கு லாபம்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தனியாகப் போய் இவ்வளவு காப்பீட்டை அவன் வாங்கியிருக்க முடியாது. இதை நான் மறுக்கவில்லை. கிரிஸ்டல் ஈஸ்ட்மன் 1910இல் எழுதிய நூலைப் படித்த எவரும் மறுக்க மாட்டார்கள். பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய இந்த வழக்கறிஞர், பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகெனி மாவட்டத்தில் ஒரே ஆண்டில் வேலையில் மாண்ட 526 பேரைப் பற்றி விசாரித்தார். மணமானவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் முதலாளியிடம் பெற்றது 100 டாலர், அல்லது அதற்கும் கீழே. பிறகு அந்தப் பெண் என்ன வேலைக்குப் போனாள், எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்றும் ஈஸ்ட்மன் கேட்டார்.

1995 ஆய்வின் கணக்கோ வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. குறைந்த கூலியில் வாடகை போக மிச்சத்தை வைத்து வாரத்தை ஓட்டியது யார்? விபத்து நடக்கும் முன்பே அவள் அடுப்படியில் தவணை கட்டிவிட்டாள். கணவன் செத்தபின் அவள் கைக்கு வந்தது கருணைத்தொகை அல்ல, அவளுடைய பணம். இந்த ஒரு வரியை அந்த ஆய்வில் தேடி ஏமாந்தேன்.

அவர்கள் எடுத்துக்கொண்ட சுரங்கம், மரம், கட்டுமானம் மூன்றுமே ஆண்களின் தொழில்கள். நியூயார்க்கில் ஈஸ்ட்மன் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டமும் பாலம், சுரங்கப்பாதை, ரயில் என்று ஆபத்தான வேலைகளை மட்டும் பட்டியலிட்டது. அதையும் முதலாளியின் சொத்தைப் பறிப்பதாகச் சொல்லி, 1911 மார்ச் 24 அன்று நீதிமன்றம் செல்லாதாக்கியது. மறுநாள் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் தீயில் மாண்டார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். ஆபத்தான வேலைகளின் அந்தப் பட்டியலில் தையல் இருக்கவே இல்லை.

வீட்டுவேலைக்காரிகளைப் பெரும்பாலான மாநிலங்கள் பிறகும் சேர்த்துக்கொள்ளவில்லை. கொதிநீர் கொட்டிக் கை வெந்தவள் வைத்தியத்தையும் தன் கூலியிலேயே பார்த்துக்கொண்டாள்.