நகையும் கண்ணீரும்: ‘லா மஞ்சா மனிதன்’ இசைநாடகமும் அதன் அவையும்

ஓர் இலக்கியப் படைப்பு நாடகமாக மாற்றப்படும்போது, கதை எவ்வளவு பேணப்பட்டது, கதைமாந்தர் எவ்வளவு மாறினர் என்னும் வினாக்களே பெரும்பாலும் எழுப்பப்படுகின்றன. அவற்றினும் அடிப்படையான வினா ஒன்றுண்டு. மூலப்படைப்பைப் படித்தோர் எய்திய உணர்வும் மாற்றுவடிவத்தைப் பார்த்தோர் எய்திய உணர்வும் ஒன்றுதானா? ஒன்றன்றெனில், அவ்வேறுபாடு கலைவடிவத்தின் இயல்பால் விளைந்ததா, அன்றிச் சுவைஞரின் தேவையால் விளைந்ததா?

ஸ்பானிய எழுத்தாளர் மிகுவெல் டி செர்வாந்தேஸ் 1605இலும் 1615இலும் இரு பாகங்களாக வெளியிட்ட ‘டொன் கிஹோத்தே’ நாவலையும், அதனை அடியாகக் கொண்டு 1965ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி நியூயோர்க்கில் மேடையேறிய ‘லா மஞ்சா மனிதன்’ இசைநாடகத்தையும் ஒப்புநோக்கும்போது இவ்வினா கூர்மை பெறுகின்றது. நாவலின் முதல் வாசகர்கள் சிரித்தார்கள். இசைநாடகத்தின் பார்வையாளர்கள் கண்கலங்கினார்கள். ஒருவனுடைய கதையே ஒரு காலத்தில் நகைக்கும் மற்றொரு காலத்தில் கண்ணீருக்கும் காரணமாயிற்று என்பது தற்செயலான செய்தியன்று.

நாவல் எழுப்பிய நகை

தெருவோரத்தில் நூலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தன்னை மறந்து சிரித்த மாணவன் ஒருவனைக் கண்ட மூன்றாம் பிலிப் மன்னன், அவன் பித்தனாயிருத்தல் வேண்டும், அல்லது ‘டொன் கிஹோத்தே’ படிப்பவனாயிருத்தல் வேண்டும் என்று கூறினானாம். வழிவழியாகச் சொல்லப்படும் இக்கதை வரலாற்றுண்மையோ அன்றோ, நாவல் தன் காலத்தில் எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதை உணர்த்தப் போதுமானது.

அந்நகையின் தன்மையை விளங்கிக்கொள்ளத் தமிழ்ப் பொருளிலக்கணம் துணைபுரிகின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறும். கேட்டதை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல் பேதைமை என்றும், கொண்டதை விடாது பற்றிநிற்றல் மடன் என்றும் உரைமரபு விளக்கும். வீரசாகசக் கதைகளை வரலாறாக நம்பி ஐம்பது வயதை அணுகும் பருவத்தில் துருப்பிடித்த கவசத்தை அணிந்து புறப்படும் கிராமத்துச் சிறு நிலவுடைமையாளனின் பேதைமையையும், காற்றாலை தன்னைத் தூக்கியெறிந்த பின்னரும் அது அரக்கனே என்று சாதிக்கும் மடனையும் இதனினும் செறிவாகச் சுட்டுதல் அரிது. அவனை ஊரார் எள்ளுகின்றனர். வாசகரும் எள்ளுகின்றனர்.

இந்நகை நெடுங்காலம் நீடிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் புனைவியல் நோக்கு அந்நாவலைத் துன்பியல் காவியமாக வாசிக்கத் தொடங்கிற்று. 1837இல் வெளிவந்த ஜேர்மன் பதிப்பொன்றுக்கு முன்னுரை எழுதிய கவிஞர் ஹைனே, சிறுவயதில் அதைப் படித்துக் கண்ணீர் விட்டதை நினைவுகூர்ந்தார். பித்தன் தியாகியானான், அவனை அடித்தவர்கள் உலகின் கயமைக்குக் குறியீடாயினர். பிற்கால ஆய்வாளருட் சிலர் இப்போக்கினை மறுத்தனர். பி. ஈ. ரசல் 1969இல் எழுதிய கட்டுரையிலும், அந்தனி குளோஸ் 1978இல் வெளியிட்ட நூலிலும் அது அடிப்படையில் நகைச்சுவை நூலே என வாதிட்டனர். இவ்விவாதம் நடைபெற்ற காலத்திலேயே இசைநாடகமும் மேடைகளை நிறைத்துக்கொண்டிருந்தது. நூற்றாண்டுக்கு முந்திய புனைவியல் வாசிப்பையே அது வெகுசனங்களுக்கு இசையோடு வழங்கிற்று எனலாம்.

மேடையின் உத்தி

நாடகாசிரியர் டேல் வாசர்மன், மிச் லீயின் இசையுடனும் ஜோ டாரியனின் பாடல்களுடனும் இதனை ஆக்கினார். 1959இல் தொலைக்காட்சிக்கென அவர் எழுதிய நாடகமே இதற்கு மூலம். அல்பேர்ட் மார் நெறியாள்கை செய்தார். றிச்சர்ட் கைலி தலைமைப் பாத்திரமேற்றார். அத்தயாரிப்பு 2,328 முறை மேடையேறியது. 1966இல் சிறந்த இசைநாடகத்துக்குரியது உட்பட ஐந்து டோனி விருதுகளைப் பெற்றது. கடனெனக் கருதிப் பார்க்கச் சென்றோரால் மட்டும் ஒரு நாடகம் இத்துணைக் காலம் ஓடுதல் இயலாது. ஆகவே பார்வையாளருக்கு அது எதனை அளித்தது என்பது ஆராயத்தக்கது.

வாசர்மன் நாவலை நேரடியாக மேடைக்குக் கொண்டுவரவில்லை. செர்வாந்தேஸையே பாத்திரமாக்கினார். சமய விசாரணை மன்றத்தின் முன் நிற்கவேண்டிய செர்வாந்தேஸ் செவில் நகரச் சிறையொன்றில் தள்ளப்படுகின்றார். அங்குள்ள கைதிகள் அவர் உடைமைகளைப் பறித்துப் போலி வழக்கொன்று நடத்துகின்றனர். தம் கையெழுத்துப் படியைக் காக்கும்பொருட்டு அவர் கைதிகளையே நடிகராக்கிக் கிஹோத்தேயின் கதையை நடித்துக் காட்டுகின்றார். வரலாற்றில் செர்வாந்தேஸ் 1597இல் செவிலில் சிறைப்பட்டது அரசாங்கப் பணக் கணக்கு தொடர்பாகவே. சமய விசாரணைக் கதை நாடகாசிரியரின் புனைவு.

இப்புனைவு பார்வையாளரின் உணர்வை முன்கூட்டியே வழிப்படுத்துகின்றது. கிஹோத்தே மேடைக்கு வருமுன்னரே, அவனைப் படைத்தவர் அடக்குமுறையின் கைதியாக அறிமுகமாகிவிடுகின்றார். அவையினரின் கண்முன்னே அவர் தாடியை ஒட்டி, முகத்தில் ஒப்பனையிட்டுக் கிஹோத்தேயாக மாறுகின்றார். இதன்பின் பித்தனைப் பார்த்துச் சிரிக்கும் ஒருவர் அப்பித்தனுக்குள்ளிருக்கும் கலைஞனையும் பார்த்துச் சிரிக்க நேரிடும். அதனை எந்த அவையும் விரும்பாது. காற்றாலைக் காட்சியில் எழும் நகையும் குழந்தையின் விளையாட்டைக் கண்டு எழும் கனிந்த நகையே. எள்ளல் நீங்கி இளமை எஞ்சுகின்றது. தொடர்ந்து நகையே பின்தள்ளப்பட்டுப் பெருமிதம் அதனிடத்தைப் பெறுகின்றது. பெருமிதத்தின் நிலைக்களன்களுள் ஒன்று தறுகண். நாவலில் மடனாகத் தோன்றிய விடாப்பிடி மேடையில் தறுகண்ணாகத் தோன்றுகின்றது. செயல் மாறவில்லை; பார்க்குமிடம் மாறிவிட்டது.

இசையின் பங்கும் சிறிதன்று. எட்டமுடியாத கனவைப் பற்றிய தலைமைப் பாடல் அரங்குக்கு வெளியே எண்ணற்ற பாடகர்களால் பாடப்பட்டது. உரைநடையில் ஆசிரியர் ஒரு வீரவசனத்தின் அருகிலேயே ஓர் எள்ளற் குறிப்பை வைக்க இயலும். உச்சத்தை நோக்கி ஏறும் மெட்டுக்குள் அத்தகைய குறுக்கீட்டுக்கு இடமில்லை. பாடலைக் கேட்போர் அதற்கு உடன்பட்டவராகின்றனர்; உடன்படாதவர் அரங்கில் தனித்துவிடப்பட்டவராக உணர்கின்றனர்.

மேடைக்குள் ஓர் அவை

கைதிகளே இந்நாடகத்தின் முதலாவது பார்வையாளர்கள். தொடக்கத்தில் அவர்கள் ஏளனம் செய்கின்றனர், குறுக்கிடுகின்றனர். சிறிது சிறிதாகக் கதையினுள் ஈர்க்கப்படுகின்றனர். இறுதியில் செர்வாந்தேஸ் விசாரணைக்காகப் படிகளில் ஏறிச் செல்கையில் அவர்களே ஒன்றுசேர்ந்து தலைமைப் பாடலைப் பாடுகின்றனர். அரங்கில் அமர்ந்திருப்போர் எவ்வாறு உணரவேண்டும் என்பதை மேடையிலுள்ள அவை நடித்துக் காட்டிவிடுகின்றது.

பாடல் எழுதும் பணி முதலில் கவிஞர் டபிள்யூ. எச். ஓடனிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தமை இங்கு மனங்கொளத்தக்கது. அவர் எழுதியவற்றுட் சில, நுழைவுச்சீட்டு வாங்கி வந்திருக்கும் வசதிபடைத்த அவையையே குத்திக்காட்டும் அங்கதமாக அமைந்தன. அவை கைவிடப்பட்டன, பணி டாரியனிடம் சென்றது. அவையைக் குத்தும் பாடல்கள் இருந்திருப்பின் நாடகம் இத்துணைக் காலம் ஓடியிருக்குமா என்பது ஐயமே. எனினும் அவையைக் குத்துதல் செர்வாந்தேஸின் நாவலுக்குப் புறம்பானதன்று என்பதையும் கூறியாதல் வேண்டும்.

நாவலின் இரண்டாம் பாகத்தில் வரும் கோமகனும் கோமகளும் முதற்பாகத்தைப் படித்துச் சுவைத்தவர்கள். தாம் படித்த பித்தன் நேரில் வந்ததும் தம் கேளிக்கைக்காக அவனையும் சன்சோவையும் பலவாறு வதைக்கின்றனர். வாசகரின் நகை அவர்கள் வடிவில் கதைக்குள் நுழைகின்றது. இரு மூடரை ஏமாற்ற இத்துணை முயன்ற அவர்களும் மூடரே என்னும் பொருளில் ஆசிரியர் ஓரிடத்தில் தீர்ப்பளிக்கின்றார். இந்நாவலின் கொடுமையைப் பற்றி 1952இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிய நபக்கோவ் கடுமையாகப் பேசினார். அக்கொடுமையைக் கண்டு சிரித்துவிட்ட வாசகனைச் செர்வாந்தேஸ் வாளா விடவில்லை என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது. நாவலின் வாசகன் தன் சிரிப்புக்குப் பொறுப்பேற்க நேர்கின்றது. இசைநாடகத்தின் பார்வையாளனுக்கோ அப்பொறுப்பு இல்லை. கயவர்கள் மேடையில் இருக்கின்றனர். அவன் கிஹோத்தேயின் பக்கம் அமர்ந்திருக்கின்றான்.

இலட்சியத்தின் விலை

இதனால் விளைந்த மிகப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. நாவலின் தொடக்கத்தில் எஜமானனால் கட்டிவைத்து அடிக்கப்படும் அந்திரேஸ் என்னும் சிறுவனைக் கிஹோத்தே மீட்கின்றான். அவன் அப்பாற் சென்றதும் எஜமானன் சிறுவனை முன்னரிலும் கொடுமையாக அடிக்கின்றான். பின்னொரு வேளை எதிர்ப்படும் அச்சிறுவன், தன்னைத் துண்டுதுண்டாக வெட்டுவதைக் கண்டாலும் இனி உதவிக்கு வரவேண்டாமென்று கிஹோத்தேயைக் கேட்டுக்கொள்கின்றான். நற்கருத்துடையோர் உலகின் உண்மை நிலையை அறியாது செயற்படும்போது அதன் விலையைச் செலுத்துவோர் எளியோரே என்பதை இதனினும் தெளிவாக எவரும் கூறியதில்லை. அந்திரேசுக்கு இசைநாடகத்தில் இடமில்லை. அவன் மேடையில் நின்றிருந்தால் தலைமைப் பாடலை அவ்வாறு பாடியிருக்க முடியாது.

எனினும் இசைநாடகம் முற்றாக இதனை மறந்துவிட்டது எனல் நேர்மையன்று. நாவலில் துல்சினேயா கிஹோத்தேயின் கற்பனையிலேயே வாழ்பவள். அவளுக்கு மூலமான அல்தொன்சா என்னும் கிராமப்பெண் கதையில் நேரில் வருவதில்லை. வாசர்மன் அவளைச் சத்திரத்தில் ஊழியஞ்செய்து உடலையும் விற்கும் பெண்ணாக மேடையேற்றினார். பகைவருக்கும் இரங்கவேண்டும் என்னும் கிஹோத்தேயின் அறத்தை ஏற்று, காயமுற்ற கோவேறு கழுதைக்காரர்களுக்கு மருந்திடச் செல்கின்ற அவளையே அவர்கள் கூட்டாக வன்புணர்ந்து தூக்கிச் செல்கின்றனர். பின்னர் அவள் திரும்பி வந்து, பிறர் அடித்ததை விடவும் கனவு காட்டிய கொடுமையே பெரிது எனக் கிஹோத்தேயைச் சாடுகின்றாள். அவ்விடத்தில் அரங்கின் கனிந்த நகை உறைந்துவிடுகின்றது. அந்திரேசின் குரல் அங்கு ஒரு பெண்ணின் குரலாக மீள்கின்றது. நாடகத்தின் மிக உயர்ந்த கட்டம் அதுவே, தலைமைப் பாடலன்று.

ஆயின் நாடகம் அவ்வினாவுடன் நின்றுவிடத் துணியவில்லை. இறுதிக் காட்சியில் அல்தொன்சா தன்னைத் துல்சினேயா எனக் கூறிக்கொள்கின்றாள். அவளுக்கு நேர்ந்த அநீதிக்கு யாதொரு தீர்வுமில்லை. அவளைத் தாக்கியோர் தண்டிக்கப்படவுமில்லை. அவள் பெயர் மட்டும் மாறுகின்றது. அவை கண்ணீர் விடுகின்றது. அக்கண்ணீர் அவளுக்கானதா, அவளை மன்னிக்கச் செய்ததன் மூலம் தன்னை விடுவித்துக்கொண்ட கனவுக்கானதா என்பதே எழுப்பப்படவேண்டிய வினா.

இரு மரணங்கள்

நாவலின் முடிவில் கிஹோத்தே தெளிவடைகின்றான். தான் அலோன்சோ கிஹானோ என்று கூறி, வீரசாகச நூல்களை வெறுத்தொதுக்கி, மரணசாசனம் எழுதிவைத்து இறக்கின்றான். இறக்கவேண்டாமென அழுது, மீண்டும் புறப்படுவோம் என்று அழைப்பவன் சன்சோவே. இவ்வளவு காலமும் சிரித்த வாசகன் அப்போதுதான், தன் சிரிப்புக்குப் பொருளாயிருந்தவன் மறைந்துவிட்டதை உணர்கின்றான். நூல் முழுவதும் நகைத்தவனுக்கே அத்துயரத்துக்கு உரிமை கிடைக்கின்றது. இசைநாடகத்தின் கிஹோத்தேயோ மரணப்படுக்கையிலிருந்து எழுந்து மீண்டும் பித்தனாகிப் பாடியவாறே வீழ்கின்றான். மேடைக்கு அது சிறந்த முடிவு. ஆனால் தெளிவு என்பது தோல்வியாகவும் பித்து என்பது வெற்றியாகவும் அங்கு வரையறுக்கப்பட்டுவிடுகின்றது.

1960களின் பிற்பகுதியில் இவ்வரையறை வரவேற்கப்பட்டமைக்குச் சமூகக் காரணங்களும் உள. வியட்நாம் போர் விரிவடைந்த ஆண்டுகளில் அமெரிக்க அவைகள் இதனைப் பார்த்தன. 1968இல் ஜாக் பிரெல் தாமே பிரெஞ்சில் ஆக்கி, தலைமைப் பாத்திரமேற்று, ஒக்ரோபரில் பிரசல்சிலும் டிசம்பரில் பாரிசிலும் மேடையேற்றினார். பாரிசில் மே மாதக் கிளர்ச்சி அடங்கிச் சில மாதங்களே கழிந்திருந்தன. தோற்றாலும் போராடியமையே போதும் என்னும் ஆறுதல் அக்காலத்து மனிதருக்குத் தேவைப்பட்டது. அத்தேவை உண்மையானது, அதனை இழிவாகக் கருதவேண்டியதில்லை. ஆயினும் ஆறுதல் வேறு, அறிவு வேறு. ஏன் தோற்றோம், நம் முயற்சியால் அடிபட்டோர் யார் என்னும் வினாக்களை அவ்வாறுதல் எழுப்புவதில்லை.

பேத்ரோ என்பானின் பொம்மலாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிஹோத்தே, துரத்தப்படும் காதலரைக் காக்க வாளுருவிப் பொம்மைகளை வெட்டி வீழ்த்தும் காட்சி நாவலில் வருகின்றது. உணர்ச்சியில் முழுதும் கரைந்துவிட்ட பார்வையாளனின் சித்திரம் அது. வெறி தணிந்தபின் அவன் உடைந்த பொம்மைகளுக்கு இழப்பீடு கொடுக்கின்றான். நாவல் தன் வாசகரிடம் எதிர்பார்ப்பதும் இதுவே. சிரிக்கலாம், அழலாம், பின்னர் உடைந்தவற்றைக் கணக்கிடவேண்டும். இசைநாடகம் தன் அவையை வாளுருவச் செய்வதில் வெற்றி கண்டது. கணக்கிடும் பணியை அது அவர்களிடம் கோரவில்லை. அல்தொன்சா சாடும் அந்த ஒரு கட்டத்திலேயே அது தன் மூலத்தின் உயரத்தைத் தொடுகின்றது.