ஹெர்மீஸ் தூதன் மட்டும்தானா?

கிரேக்கப் புராணங்களை அறிமுகம் செய்யும் நூல்கள் ஹெர்மீஸைத் 'தேவர்களின் தூதன்' என்ற ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரி காவியத்திலிருந்து வந்தது. காவியத்திலேயே அது முழுதாகப் பொருந்தவில்லை. 'ஒடிசி'யில் அவன் கலிப்சோவிடம் தூது போகிறான், உண்மை. ஆனால் 'இலியத்'தில் ஜீயஸின் செய்தியைப் பெரும்பாலும் சுமப்பவள் ஐரிஸ் என்னும் தேவி. அதன் 24ஆம் காண்டத்தில் ஹெர்மீஸின் முக்கிய வேலை வேறு: மகனின் உடலை மீட்கப் போகும் டிராயின் கிழ மன்னர் பிரியாமை இருட்டில் பகைவர் பாசறைக்குள் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது.

வழிபாட்டைப் பார்த்தால் தூதன் இன்னும் மங்கிப்போகிறான். ஏதென்ஸில் வீட்டு வாசலிலும் கோயில் முன்பும் நின்ற அவன் உருவம் ஒரு சதுரக் கல்தூண்: மேலே தாடி வைத்த தலை, நடுவே ஆண்குறி, காலே கிடையாது. விரைந்தோடும் தூதனை வணங்கியவர்கள் செதுக்கும் வடிவமா இது? ஏதென்ஸை ஆண்ட குடும்பத்தைச் சேர்ந்த ஹிப்பார்க்கஸ், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இத்தகைய தூண்களை நகரத்துக்கும் சுற்றூர்களுக்கும் நடுவழியில் நட்டுவைத்தான்.

அப்படியானால் இவன் யார்? 1947இல் அறிஞர் நார்மன் ஓ. பிரவுன் ஒரு விடை சொன்னார். பிறந்த அன்றே அண்ணன் அப்பல்லோவின் 50 பசுக்களைத் திருடி, பிறகு யாழைக் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளும் குழந்தை ஹெர்மீஸைப் பற்றிய பழங்கிரேக்கப் பாடல், உயர்குடியோடு மோதி மேலேறிய வணிகர், கைவினைஞரின் கதை என்றார். திருட்டில் தொடங்கும் பாடல் ஏன் பேரத்தில் முடிகிறது என்பதை இது அழகாக விளக்குகிறது. ஆனால் பைலோஸ் நகரின் களிமண் பலகைகளில், அந்த வணிகர் எழுச்சிக்கு வெகு முன்பே, கி.மு. 13ஆம் நூற்றாண்டளவிலேயே ஹெர்மீஸின் பெயர் இருக்கிறது. பிரவுனின் விளக்கம் பாடலுக்குப் போதும், கடவுளுக்குப் போதாது.

பிரெஞ்சு அறிஞர் ழான்-பியேர் வெர்னான் 1963இல் வேறு வழியில் போனார். அடுப்பங்கரையில் நிலைத்திருக்கும் பெண்தெய்வம் ஹெஸ்டியாவுக்கு இணையாக, வாசலையும் வழியையும் எல்லை கடப்பதையும் ஹெர்மீஸுக்குத் தந்தார். இதன் பலவீனம், எதையும் உள்ளே அடக்கிவிடும் நெகிழ்ச்சி. திருட்டு, வாணிபம், மரணம் எல்லாவற்றையும் 'எல்லை' என்று சொல்லிவிடலாம். ஆகவே இதைச் சடங்கில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

கிரேக்கப் பயணி பௌசானியாஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய ஃபாரே ஊர்ச் சடங்கு நல்ல உரைகல். சந்தை நடுவே ஹெர்மீஸின் உருவம். முன்னால் கல் அடுப்பு. குறி கேட்பவர் மாலையில் வந்து தூபம் போட்டு, விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றி, ஒரு நாணயம் வைத்து, சிலையின் காதில் கேள்வியைச் சொல்வார். பிறகு இரு காதையும் பொத்திக்கொண்டு சந்தையைவிட்டு வெளியேறுவார். கையை எடுத்ததும் காதில் விழும் முதல் குரலே பதில். கடவுள் எந்தச் செய்தியையும் கொண்டுவரவில்லை; சந்தை எல்லையைத் தாண்டுவதே பதிலைத் தருகிறது. தனக்ரா நகரிலோ, ஹெர்மீஸ் ஆட்டுக்கடாவைத் தோளில் சுமந்து மதிலைச் சுற்றிவந்து கொள்ளைநோயை விலக்கினான் என்றார்கள்.

மந்தையையும் கருவளத்தையும் வெர்னானின் விளக்கம் அரைகுறையாகவே தொடுகிறது; அந்தக் குறை நிற்கட்டும். இருந்தும் கல்லையும் சடங்கையும் கதையையும் ஒருசேர விளக்குவது அதுதான். தூது ஹெர்மீஸ் பார்த்த வேலைகளில் ஒன்று. அறிமுக நூல்கள் வாசல் காத்தவனை முதலிலும் தூதனை அடுத்தும் வைக்க வேண்டும்.