பெயரற்ற முகம்: தேயிலை விளம்பரமும் புதிய ஊடகங்களும்

இலங்கையின் ஏற்றுமதிப் பொருள்களுள் தேயிலையைப் போல் ஒரு மனித முகத்தை முன்னிறுத்தி விற்கப்பட்ட பொருள் பிறிதொன்றில்லை எனலாம். றப்பரை விற்றோர் பால்வெட்டும் தொழிலாளியின் முகத்தைத் தேடிச் செல்லவில்லை. தேயிலைக்கோ, கூடை சுமந்து கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இலச்சினை போன்றே பயன்பட்டு வந்துள்ளாள். கைத்தொலைபேசியும் சமூக ஊடகங்களும் விளம்பரத் துறையை அடியோடு மாற்றிவிட்டன என்று பரவலாகக் கூறப்படும் இக்காலத்தில், அப்பெண்ணின் நிலை அவ்விளம்பரங்களில் எவ்வளவு மாறியுள்ளது என்பது ஆராயத்தக்கது.

1867ஆம் ஆண்டு லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலை பயிரிட்டார். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கை வந்து தோட்டங்களை விலைக்கு வாங்கினார். பலசரக்கு வணிகரான லிப்டன் விளம்பரத்தின் ஆற்றலை நன்கறிந்தவர். தோட்டத்திலிருந்து தேநீர்ப் பாத்திரத்துக்கு நேரே வருகின்றது என்பதே அவரது விளம்பரங்களின் சாரம். அதற்குச் சான்றாக நிறுத்தப்பட்டவள் கொழுந்தெடுக்கும் பெண். இடைத்தரகர் இல்லை என்று ஆங்கிலேய இல்லத்தரசிக்கு உறுதி கூறிய அப்படத்தில் கங்காணி இல்லை, துரை இல்லை, விடியுமுன் கூடும் பெரட்டுக்களமும் இல்லை. வாங்குபவருக்கு வேண்டாத அனைத்தும் நீக்கப்பட்ட பின் எஞ்சியது ஒரு புன்னகை மாத்திரமே.

பின்னர் வந்தோரும் இவ்வுருவைக் கைவிடவில்லை. 1932இல் தேயிலைப் பிரசார சபை தோன்றியது. 1976இல் இலங்கைத் தேயிலைச் சபை அமைந்தது. சிங்க இலச்சினை உலகெங்கும் சென்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியதேயன்றிப் படம் மாறவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கிய பின்னரும் அவளது முகம் அந்நாட்டின் அடையாளமாக அந்நிய நகரங்களில் காட்டப்பட்டமை இவ்வரலாற்றின் கசப்பான முரண்.

1980களில் தோன்றிய டில்மா இதில் ஒரு புதுமையைச் செய்தது. அதன் தாபகர் மெரில் ஜே. பெர்னாண்டோ தாமே தொலைக்காட்சி விளம்பரங்களில் தோன்றிப் பேசினார். டில்ஹான், மலிக் என்னும் அவரது புதல்வர் இருவரின் பெயர்களிலிருந்தே அப்பெயர் பிறந்தது. பன்னாட்டுக் கம்பனிகளின் ஆதிக்கத்துக்கு எதிராக உற்பத்தி நாட்டவர் ஒருவர் தம் பெயரால் உலகச் சந்தையில் நின்றமை சிறிய காரியமன்று. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் தேயிலை விளம்பரத்தில் பெயருடையோர் யார், முகம் மட்டும் உடையோர் யார் என்னும் வேறுபாடு இதனால் மேலும் தெளிவாகின்றது.

பெயர் என்னும் சொல்லுக்குத் தோட்டத்தில் தனிப்பொருள் உண்டு. முழுநாட் சம்பளத்திற்குரிய பதிவு அங்கு ‘பேர்’ எனப்படும். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் பேர், குறைந்தால் ‘அரைப்பேர்’. மழையாலோ, கொழுந்து இன்மையாலோ, தோட்டம் காடாகிக் கிடப்பதாலோ நிறை குறைந்தாலும், குறைவது அவளது பேர்தான். படத்தில் முழுமையாகத் தோன்றும் பெண்ணுக்குச் செக்ரோலில் பாதிப் பெயரே கிடைப்பதை எந்த விளம்பரமும் சொன்னதில்லை.

புதிய ஊடகங்கள் இந்நிலையில் வந்து சேர்ந்தன. 1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில், தொற்றுநோய்க் காலத்தில், இணையவழி ஏலமாயிற்று. ஆனால் வணிக முறையில் நிகழ்ந்த மாற்றத்தை விடப் பார்வையாளரிடையே நிகழ்ந்த மாற்றமே இங்கு முக்கியமானது. பழைய சுவரொட்டி லண்டனில் ஒட்டப்பட்டது. அதில் இருந்தவள் அதனைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. இன்று அற்றனிலோ நானுஓயாவிலோ ஒரு லயத்து அறையில் ரீலோட் செய்த கைத்தொலைபேசியில் அதே படம் அவள் கண்முன் வருகின்றது. அடுத்த கணமே சருமத்தை வெண்மையாக்கும் களிம்பும், தவணைக் கடனும், வெளிநாட்டு வீட்டுப்பணி வாய்ப்பும் அதே திரையில் தோன்றுகின்றன. விற்பனைக்குரிய முகமாக இருந்தவள் இப்போது விற்பனைக்கு இலக்காகவும் ஆகிவிட்டாள். கரிய முகத்தைக் காட்டித் தேயிலையை விற்கும் அதே சந்தை அம்முகத்துக்கு உரியவளிடம் வெண்மையையும் விற்க முனைகின்றது.

விளம்பரம் செய்வோர் யார் என்பதும் மங்கிவிட்டது. கண்டியிலிருந்து அற்றன், தலவாக்கலை வழியே செல்லும் புகையிரதத்தின் கதவில் தொங்கியபடி படமெடுக்கும் பயணியும் இன்று விளம்பரகாரரே. வீதியோர மலைச்சரிவில் நிற்கும் பெண்ணை அவர் சிரிக்கச் சொல்கின்றார். சிறு தொகையும் கொடுக்கக்கூடும். அப்படம் யூரியூப்பில் எத்தனை பேரை ஈர்த்தாலும், அதன் வருவாயில் அவளுக்கு உரிமையில்லை. லிப்டனாவது தேயிலையை விற்க அவளைக் காட்டினார். இப்புதியவர்களுக்குத் தேயிலையும் தேவையில்லை, காட்சியே சரக்காகிவிட்டது. வறுமையைக் கண்டு கலங்குவதாகக் காட்டும் காணொளிகள் இவற்றினும் வருந்தத்தக்கவை. ஒழுகும் கூரையும் அழும் கிழவியும் அங்கு பார்வையாளர் தொகையாக மாற்றப்படுகின்றனர்.

எனினும் இவ்வூடகங்களை முற்றாக நிராகரிப்போர் ஓர் உண்மையைக் காணத் தவறுகின்றனர். 2018 ஒக்டோபரில் நாட்சம்பளம் 1000 ரூபா கோரி மலையக இளைஞர்கள் கறுப்புடை அணிந்து கொழும்புக் காலிமுகத்திடலில் திரண்டபோது, அவ்வழைப்பைப் பரப்பியதில் சமூக ஊடகங்களுக்குப் பெரும்பங்கு இருந்தது. அத்தொகை 2021இல்தான் வர்த்தமானியில் இடம்பெற்றது. முந்திய தலைமுறையில் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் கவிதையும் தொழிற்சங்கமும் கொண்டு அம்மக்களின் குரலை வெளியுலகுக்குக் கொணர்ந்தனர். இன்று லயத்து இளைஞன் ஒருவன் மண்சரிவையும் பாதையற்ற தோட்டத்தையும் தானே படமெடுத்து வெளியிட இயலும். ஆனால் அப்படம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. பணம் கொடுத்தோரின் விளம்பரத்துக்குத் திறக்கும் வழி அவனுக்கு அவ்வாறே திறப்பதில்லை. எனவே அவனும் ரிக்ரொக்கில் ஆட்டத்தையும் நகைச்சுவையையும் சேர்த்தே தன் செய்தியைச் சொல்ல நேர்கின்றது.

சில தோட்டங்களின் கொழுந்து மடுவங்களில் இப்போது மின்னணுத் தராசுகள் வந்துள்ளன. ஒவ்வொருத்தி எடுத்த கொழுந்தின் நிறையும் அவளது இலக்கத்தின் கீழ் உடனே கணினியில் பதிவாகின்றது. கடல் கடந்து செல்லும் பொதிகளிலோ தோட்டத்தின் பெயர், அது அமைந்த உயரம், கொழுந்தெடுத்த பருவம் என்பன அச்சாவதைக் காணலாம். தராசில் பதிவான விபரம் தொழிற்சாலையைத் தாண்டும்போது, கொழுந்தெடுத்தவள் பற்றிய பகுதி மட்டும் நீங்கிவிடுகின்றது. பொதியின் மேலுறையில் அவளது படம் இருக்கின்றது.