ஆறு நாள் புகழுக்கு அப்பால்

டென்னஸி மலைமேல் இருக்கும் சுவானி கல்லூரியின் 1899-ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தைப் பேச வருகிறவர்கள் நவம்பர் 9 முதல் 14 வரையிலான ஆறு நாட்களைத் தாண்டுவதே இல்லை. ஆஸ்டினில் டெக்சாஸை 12–0, ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 10–0, நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23–0. ஞாயிறு ஓய்வு. மறுநாள் பேட்டன் ரூஜில் எல்எஸ்யுவை 34–0, அதற்கு அடுத்த நாள் மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12–0. நடுவே ஏறத்தாழ 2,500 மைல் ரயில் பயணம். வாண்டர்பில்ட் கல்லூரியுடன் வசூல் பங்கில் தகராறு வந்து அந்த ஆட்டம் நின்றுபோக, பண இழப்பை ஈடுகட்ட மாணவ மேலாளர் லூக் லீ போட்ட அட்டவணை இது.

பருவக் கணக்கில் 12 ஆட்டம், 12 வெற்றி. எடுத்தது 322 புள்ளி, கொடுத்தது 10. ஆனால் அந்த 322-இல் 125 புள்ளிகள் இரண்டே சிறு கல்லூரிகளிடம் எடுத்தவை: கம்பர்லேண்டிடம் 71, சவுத்வெஸ்டர்ன் பிரெஸ்பிட்டேரியனிடம் 54. புகழ்பெற்ற பயணத்திலும் மூன்று ஆட்டங்களில் 12 புள்ளிக்கு மேல் போகவில்லை. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்க்கும் டச்டவுனுக்கு ஐந்து புள்ளி தந்த காலத்தில் அது ஏறத்தாழ இரண்டு டச்டவுன் அளவுதான். ஆகவே இதை அசுரத் தாக்குதல் அணி என்று கொண்டாடுவது தவறு.

அதன் பெருமை தடுப்பாட்டத்தில் இருக்கிறது. பந்தை முன்னோக்கி எறிய 1906 வரை விதி இடம் தரவில்லை. உடலோடு உடல் மோதி அங்குலம் அங்குலமாக நகர்ந்த ஆட்டம் அது. களைத்த உடல் முதலில் தவறவிடுவது எதிராளியை மடக்கிப் பிடிப்பதைத்தான். ரயில் பெட்டியில் உறங்கி எழுந்து ஐந்து அணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காததை எத்தனை முறை சலித்துப் பார்த்தாலும் குறைக்க முடியவில்லை.

எனினும் உண்மையான சோதனை நவம்பர் 30 அன்று மான்ட்கமரியில் வந்தது. ஜான் ஹைஸ்மன் பயிற்றுவித்த ஆபர்ன், மூச்சுவிட இடம் தராத வேகத்தில் ஆடி, அந்தப் பருவம் முழுக்க சுவானி கொடுத்த பத்துப் புள்ளிகளையும் எடுத்தது. முடிவு 11–10. நடுவரின் தீர்ப்புகளை ஹைஸ்மன் வெளிப்படையாகவே எதிர்த்தார். இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் வட கரோலினாவுடன் 5–0. பருவத்தின் முடிவில் கிடைத்த இந்த இரண்டு நூலிழை வெற்றிகளையே நான் ஆறு நாள் பயணத்துக்கு மேலாக மதிக்கிறேன். பெரிய இடைவெளியில் வென்று பழகிய அணி, நெருக்கடியிலும் நொறுங்கவில்லை என்பதற்கு இவையே சான்று.

இனி, அமெரிக்காவிலேயே சிறந்த அணியா? அதற்கு ஆதாரம் இல்லை. யேலோடு மட்டும் சமன் செய்து தோல்வியின்றி முடித்த ஹார்வர்டையோ, வடகிழக்கின் வேறு எந்த அணியையோ சுவானி சந்திக்கவில்லை. தெற்கிலும் அது மோதியது வெள்ளையர் கல்லூரிகளோடு மட்டுமே. 1892 முதலே ஆடிவந்த கறுப்பினக் கல்லூரிகளுக்கு அந்தக் களத்தில் இடமே தரப்படவில்லை. தெற்கின் வெள்ளையர் கல்லூரிகளில் அந்த ஆண்டின் முதல் அணி, அந்தக் காலத்தின் மிக உறுதியான தடுப்பாட்ட அணிகளில் ஒன்று: அதுவரைதான் என் தீர்ப்பு செல்லும்.