ஆனந்தரங்கர் ஏட்டில் போர்க்களக் கடிதங்கள்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கர்நாடகப் போர்களின் வரலாற்று மூலமாகவே நம் ஆய்வாளர்கள் பெரிதும் கையாண்டுள்ளனர். போர் நடந்த நாள் எது, வென்றவர் எவர் என்று தெரிந்ததும் நூலை மூடிவிடுகின்றனர். பிள்ளையவர்களோ தம் ஏட்டைத் 'தினப்படிச் செய்திக் குறிப்பு' என்றே அழைத்தார். நடந்ததைவிட, நடந்தது எவ்வாறு செவிக்கு எட்டியது என்பதே அதில் மிகுதி.

1749 ஆகஸ்ட் 3 (ஹிஜ்ரி 1162) அன்று ஆம்பூர்க் களத்தில் நவாப் அன்வருத்தீன் கான் வீழ்ந்தார். வென்ற முஸஃபர் ஜங், சந்தா சாஹிப் தரப்பினர் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சியருக்குக் கொடையளித்தனர். அவ்வாண்டின் இறுதியில் சந்தா சாஹிப் தஞ்சையை முற்றுகையிட்டிருந்தார். திருச்சிக்கு விரைக என்று புதுச்சேரியிலிருந்து டூப்ளே எழுதிக்கொண்டிருந்தார். வடக்கிருந்து நாஸிர் ஜங் வரும் செய்தியோ இருவரையும் கலங்கச் செய்தது. இக்காலத்துக் கடிதங்களை ஊன்றிப் படிக்க வேண்டும். பார்ஸி மடல் மரபின்படி நீண்ட விளிகளும் நலம் வினவலும் முன்னே நிற்க, அங்குள்ள செய்தியை உடனே எழுதுக என்ற வேண்டுகோள் கடைசியில் ஒதுங்கியிருக்கும். வெறும் சம்பிரதாயமெனக் கருதி அதைத் தாண்டிச் செல்கிறோம். படைத்தலைவரின் அச்சம் வெளிப்படும் இடம் அதுதான்.

இக்கடிதங்கள் நம்மை அடைந்த வழியும் நோக்கத்தக்கது. பார்ஸியில் எழுதியதை ஒருவர் படித்துப் பொருள் சொல்ல, பிள்ளை அதைப் பேச்சுத் தமிழில் பதிந்தார். 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலப் பெயர்ப்பு வெளிவந்தது. அந்த ஆங்கிலத்தை மேற்கோள் காட்டி நவாபின் குணத்தை எடைபோடுவது பொருந்தாது. பார்ஸி கற்ற நம் உலமாக்கள் இத்துறைக்கு வந்தால் பெரும் பயன் விளையும்.

பிள்ளையவர்களும் நடுநிலையாளர் அல்லர். டூப்ளேயின் மனைவி தமக்கெனத் தனி ஒற்றர்களை வைத்திருந்தார். அவர்மீது பிள்ளைக்கிருந்த கசப்பு, அவர்வழி வந்த செய்திகளையும் சிறுமைப்படுத்திக் காட்டுகிறது.

1752-ல் நிலை மாறிற்று. ஜூனில் சந்தா சாஹிப் கொல்லப்பட்டார். செப்டம்பர் 6 அன்று பாகூரிலேயே லாரன்ஸின் படை பிரெஞ்சியரை முறியடித்து, டூப்ளேயின் உறவினரான கெர்ஜானைச் சிறைப்பிடித்தது. புதுச்சேரியிலிருந்து பாகூர் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். கொடையாக வந்த ஊரே களமாயிற்று. அவ்வூர்க் குடியானவரிடம் செய்தி கேட்டு எழுதிய கடிதம் எதுவும், நான் படித்த அளவில், இவ்வேட்டில் இல்லை.