சித்திரக்கதை முகப்போவியமும் பாயிர மரபும்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நன்னூலார் கருத்து. பாயிரத்துக்கு அவர் தரும் பெயர்களுள் நூன்முகம், தந்துரை, புனைந்துரை என்னும் மூன்றும் இக்கட்டுரைக்கு உரியன. நூலின் முகமாக நிற்றல், நூலுள் கூறாததைத் தந்து கூறுதல், அழகுபடப் புனைந்து கூறுதல் ஆகிய இம்மூன்று பணிகளையும் ஒரே பக்கத்தில் செய்து முடிக்க வேண்டிய கட்டாயம் சித்திரக்கதை இதழின் முகப்பை வரையும் ஓவியருக்கு உண்டு. சித்திரக்கதைகளை ஆராய்வோர் பெரும்பாலும் உட்பக்கங்களையே நோக்குவர். முகப்போவியத்தை விற்பனைக்கு உரியதென ஒதுக்கிவிடுவர். அது விற்பனைக்கு உரியது என்பது உண்மையே. ஆயினும் பரிசில் கருதிப் பிறந்த ஆற்றுப்படை நூல்களை வகுப்பறையில் போற்றிக் கற்பிக்கும் நாம், பொருள் நோக்கம் உடையது என்பதற்காக மட்டும் ஒன்றைப் படைப்பன்று எனத் தள்ளுதல் பொருந்தாது. முகப்போவியம் உருவாகும் முறையை அமெரிக்கச் சித்திரக்கதைகள் சிலவற்றின் துணைகொண்டு ஈண்டுக் காணலாம்.

1938ஆம் ஆண்டு ஜூன் மாத இதழாக வெளிவந்தது ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ். சூப்பர்மேன் அறிமுகமானது இவ்விதழில்தான். ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைந்த அக்கதை, நாளிதழ்களில் வெளியிடுவதற்கென முன்னரே வரைந்து ஏற்கப்படாமற்போன படங்களை வெட்டி ஒட்டி 13 பக்கங்களாக ஆக்கப்பட்டது. முகப்போவியமும் கதையினுள் வரும் ஒரு கட்டத்தின் விரிவாக்கமேயாகும். நீலநிற உடையும் செந்நிற மேலாடையும் அணிந்த ஒருவன் பச்சைநிற மகிழுந்து ஒன்றைத் தலைக்குமேல் தூக்கிப் பாறையில் மோதுகிறான். மனிதர்கள் அஞ்சிச் சிதறுகின்றனர். இடப்பக்கக் கீழ்மூலையில் ஒருவன் தன் தலையைப் பற்றிக்கொண்டு நம்மை நோக்கி ஓடி வருகிறான்.

இவ்வோவியத்தின் ஆற்றல் அது எதைக் கூறாமல் விட்டது என்பதில் உள்ளது. முகப்பில் சூப்பர்மேன் என்னும் பெயரே இல்லை. மகிழுந்தைத் தூக்குபவன் நல்லவனா தீயவனா என்பதற்கும் குறிப்பு இல்லை. ஓடுவோர் பெண்ணொருத்தியைக் கடத்திச் சென்ற கயவர்கள் என்பது கதையைப் படித்த பின்னரே விளங்கும். உள்ளே நீதியாகத் தோன்றும் செயல் முகப்பில் பேரழிவாகத் தோன்றுகிறது. கட்டம் அதுவே, ஆயின் முன்னும் பின்னும் உள்ள கட்டங்களை நீக்கியதால் அதன் பொருள் மாறிவிட்டது. மூலையில் ஓடி வருபவனின் அச்சம் கடையில் நின்று பார்ப்பவனையும் பற்றிக்கொள்கிறது. வாசகன் எங்கு நின்று காண வேண்டும் என்பதை ஓவியர் முடிவு செய்துவிட்டார். முகப்போவியக் கலையின் முதன்மையான முடிவு இதுவே என்பது என் கருத்து. உருவம், வண்ணம் முதலியவை இதன் பின்னரே வருவன.

பதிப்பாளர்க்கு இவ்வோவியத்தின் பயன் உடனே விளங்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. அடுத்த ஐந்து இதழ்களின் முகப்புகளில் சூப்பர்மேன் இடம்பெறவில்லை; ஏழாம் இதழில்தான் மீண்டும் வந்தான்.

இனி, முகப்பை யார் வரைவது என்னும் வினா எழுகிறது. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதால், அவனுடைய ஆசிரியனோ, உடன்கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ பாயிரம் செய்தல் வேண்டும் என்பது நம் மரபு. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்தவர் பனம்பாரனார். சித்திரக்கதையிலும் உட்பக்கங்களை வரைந்தவரே முகப்பை வரைய வேண்டும் என்னும் நியதி இல்லை. 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இதழாக வந்த ‘அமேசிங் ஃபேண்டசி’ 15ஆம் இதழ் இதற்குத் தக்க சான்று. ஸ்பைடர்மேன் முதன்முதலாகத் தோன்றிய இக்கதையை வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அவரே முகப்பையும் வரைந்தார். ஆசிரியர் ஸ்டான் லீ அதனை ஏற்கவில்லை. பின்னர் ஜாக் கெர்பி பென்சிலால் புதிய முகப்பை வரைய, அதற்கு மையிட்டவர், தம் ஓவியம் தள்ளப்பட்ட அதே டிட்கோ.

இரண்டு ஓவியங்களிலும் செய்தி ஒன்றுதான்: நாயகன் ஒருவனைக் கையில் இடுக்கிக்கொண்டு வலையிழையில் ஊசலாடிச் செல்கிறான். கெர்பியின் முகப்பில் அவ்வுருவம் பருத்த தோள்களோடு பக்கத்தின் நடுவே ஓங்கி நிற்கிறது. உட்பக்கங்களில் டிட்கோ காட்டும் பீட்டர் பார்க்கரோ மெலிந்தவன், பள்ளித் தோழர்களால் எள்ளப்படுபவன். முகப்பைக் கண்டு நூலை வாங்கியவன் உள்ளே வேறொருவனைக் காண்கிறான். இதனை வணிகப் பொய் எனக் கண்டிக்கலாம். எனினும் கூச்சமுடைய சிறுவன் தன்னை எவ்வாறு காண விரும்பினானோ அவ்வாறு முகப்பும், அவன் உள்ளபடி உட்பக்கங்களும் அமைந்துவிட்டன. தந்துரை என்பதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. டிட்கோவின் தூரிகைக்கு அன்று நேர்ந்த சிறுமையை இவ்விளக்கம் போக்கிவிடாது என்பதையும் கூறியாக வேண்டும்.

முகப்பு முன்னும் கதை பின்னுமாகப் பிறந்ததும் உண்டு. டிசி நிறுவனத்தில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஆசிரியராக இருந்தபோது, கார்மைன் இன்ஃபான்டினோ விடை காண்பதற்கு அரிய சூழலை முகப்பாக வரைந்து தருவார். அதற்கேற்ற கதை பின்னர் எழுதப்படும். 1966ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபிளாஷ்’ 163ஆம் இதழின் முகப்பில் நாயகன் உள்ளங்கையை நீட்டி வாசகனையே தடுத்து நிறுத்துகிறான். ஈற்றடியைக் கொடுத்துப் பாடலை முடிக்கச் சொல்லும் நம் புலவர் வழக்கம் நினைவுக்கு வருகிறது.

1986, 1987ஆம் ஆண்டுகளில் 12 இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’ இம்மரபை முற்றும் மாற்றியது. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைய, ஜான் ஹிக்கின்ஸ் வண்ணமிட்டார். முதல் இதழின் முகப்பில் நாயகர் எவரும் இல்லை. மஞ்சள்நிறச் சிரிப்பு வில்லை ஒன்று குருதியில் கிடக்கிறது. அதன் கண்ணின் மீது ஒரு சிவப்புக் கறை. அவ்வளவே. முகப்புதான் கதையின் முதற்கட்டம். உள்ளே புரட்டினால் நம் பார்வை தெருவிலிருந்து படிப்படியாக மேலெழுந்து, உயரத்தில் உடைந்த சன்னலைச் சென்றடைகிறது. பாயிரத்துக்கும் நூலுக்கும் இடையே இருந்த எல்லைக்கோடு இங்கு அழிந்துவிட்டது.

அவ்வில்லை தோன்றிய முறையும் சுவையானது. காமெடியன் என்னும் பாத்திரத்தின் உடை மிகக் கடுமையாக அமைந்துவிட்டதாகக் கருதிய கிப்பன்ஸ், அதைச் சற்றுத் தணிக்கவே சிரிப்பு வில்லையைச் சேர்த்தார். ஓவியரின் கைபோன போக்கில் வந்த ஓர் அணி பின்னர் நூல் முழுமைக்கும் குறியீடாயிற்று. இறுதி இதழின் கடைசிக் கட்டத்திலும் சட்டை மீதுள்ள சிரிப்பு முகத்தில் தக்காளிச் சாற்றின் துளி விழுந்து கிடக்கிறது.

பன்னிரண்டு முகப்புகளும் ஒரே தரத்தின என்று கூறுவதற்கில்லை. அணுகுண்டுப் புகலிட அறிவிப்புப் பலகையைக் காட்டும் மூன்றாம் இதழின் முகப்பு எழுத்தை நம்பி நிற்பதால் ஓவியமாக வலுவிழக்கிறது. ஐந்தாம் இதழின் முகப்பே இவற்றுள் தலையாயது எனலாம். மண்டையோடு பொறித்த விளம்பரப் பலகை மழைநீர்த் தேக்கத்தில் பிம்பமாகத் தெரிகிறது. அவ்விதழின் பக்கங்களும் நடுப்பகுதியை மையமாகக் கொண்டு, முற்பாதிக்குப் பிற்பாதி கண்ணாடிப் பிம்பம்போல அமைந்துள்ளன. செய்யுளின் யாப்பைப் பாயிரம் முன்கூட்டியே உணர்த்துவது போன்றது இது.

இங்குப் பாயிர ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. சிறப்புப் பாயிரம் கூற வேண்டிய எட்டனுள் முதலாவது ஆக்கியோன் பெயர். ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் முகப்பில் இதழின் பெயரும் எண்ணும் திங்களும் 10 சென்ட் என்னும் விலையும் அச்சாகியுள்ளன. ஆக்கியோன் பெயர் அச்சாகவில்லை. உள்ளே கதையின் தொடக்கத்தில் சீகல், ஷஸ்டர் இருவர் பெயரும் உண்டு. எனினும் 1938 மார்ச்சு மாதத்தில் 130 டாலருக்குச் சூப்பர்மேன் உரிமை முழுவதையும் அவர்கள் பதிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தனர். 1947இல் அவர்கள் தொடுத்த வழக்கிற்குப் பின் உள்ளிருந்த பெயர்களும் நீக்கப்பட்டன. 1975ஆம் ஆண்டு இறுதியில்தான் வார்னர் நிறுவனம் அவ்விருவர்க்கும் ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கவும் கதைகளில் அவர்கள் பெயரை மீண்டும் இடவும் இசைந்தது. அப்போது ஷஸ்டர் பார்வை பெரிதும் மங்கியவராக இருந்தார். அந்த முதல் இதழின் படி ஒன்று 2024இல் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று.